ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எடுத்த சட்டை

உடலைச் சுமந்த சந்தூக்கு, சந்து முனையில் திரும்ப முடியாமல் நின்றது. தாராவியில் செத்தவனுக்கும் வழி கிடைப்பது லேசில்லை. முன்பக்கம் தோள்கொடுத்திருந்தவர் அப்துல் ரவூபின் தம்பி மீராசா. ஆண்பிள்ளை இல்லாத வீடு. அண்ணனைக் குழிக்குள் இறக்கவும் அவர்தான். விம்மி விம்மி அழுதார், பொய்யழுகை இல்லை. சைனப் கதவுக்குப் பின்னால் நின்று புருஷன் போவதைப் பார்த்தாள். இத்தா காலம் முடியும்வரை அவள் அந்த வாசலைத் தாண்டப்போவதில்லை.

ஆணியில் ரவூபின் புது நீலச் சட்டை தொங்கியது. கிங்ஸ் சர்க்கிளில் எடுத்தது, அவளையே இரண்டாம் முறை கல்யாணம் கட்ட. அவர்களுக்கு ஆஸியா ஒரே மகள். மார்க்கச் சட்டப்படி ரவூப் போனால் வீட்டிலும் தோல்பைப் பட்டறையிலும் தம்பிக்குப் பங்கு உண்டு. கல்யாணத்தை ரிஜிஸ்தர் ஆபீசில் மறுபடி பதிந்துகொண்டால் வேறு சட்டம். எல்லாம் பெண்டாட்டிக்கும் மகளுக்கும். மனுக் கொடுத்து, நோட்டீஸ் தவணை முடியக் காத்திருந்தார்கள். அதற்குள் மனிதருக்கு நெஞ்சு நின்றுவிட்டது. வளர்ந்த மகளிடம் இதைச் சொல்ல இருவருக்குமே வெட்கமாக இருந்தது.

இதே ரவூப்தான் பொது சிவில் சட்டம் கூடாதென்று பள்ளிவாசலில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவர். ஊருக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்றா என்று அவள் கேலி செய்தாள்.

“எவனோ வந்து மாத்துனா அது வேற, சைனபு. எம் புள்ளைக்கு நானே மாத்துறது வேற.”

சொல்லிவிட்டாரே தவிர, அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

அடக்கம் முடிந்து மீராசா திரும்பியபோது நல்ல மழை. சட்டை முழுக்கக் கபர்ச் சேறு. யாசீன் ஓத ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். ஆஸியா கண்ணில் பட்ட நீலச் சட்டையை எடுத்து நீட்டினாள். அது வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள் சைனப். அத்தனை பேர் நடுவில் என்னவென்று சொல்வாள்?

ஓதி முடிந்ததும் மீராசா, சைனப் இருந்த அறைத் திரைக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

“மைனி, நானா எதையும் கேக்கல. அல்லா போட்ட பங்கு மட்டுந்தான். நாப்பதாம் நாள் கழியட்டும், பேசிக்கிடுவோம்.”

கெட்ட மனுஷனாக இருந்தால் ஏசியாவது தீர்க்கலாம். இப்படிப்பட்ட நேரத்தில் யோசனை கேட்க அவளுக்கு ஒரே ஒருத்தர் இருந்தார். அவரைத்தான் புதைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

மீராசா எழுந்து திரும்பினார். திரை இடுக்கில் முதுகு தெரிந்தது. ரவூபின் முதுகேதான், தோள் அளவு கொஞ்சமும் பிசகவில்லை. நீலக் காலரில் கடைச்சீட்டு தொங்கியது.

“ஆஸியா,” என்றாள் சைனப். “சாச்சா காலர்ல சீட்டு தொங்குது பாரு. மெதுவா எடு, சட்ட கிழிஞ்சிராம.”