பொய்முடி மட்டும்

பெரெத் லமார்ஷ் அரசரின் முகத்தை நாற்பத்தொரு தடவை வரைந்திருந்தாள். ஒரு தடவைகூட அவரை நேரில் பார்த்ததில்லை.

பார்க்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. முப்பது வருடங்களுக்கு முன் யாரோ வரைந்த மாதிரிப் படம் ஒன்று இருந்தது. அதைப் பார்த்து, இரண்டு விரல் அகலப் பொன் தகட்டில், உலையில் சுட்டால் கண்ணாடிபோல் இறுகும் எனாமல் வண்ணத்தால் அந்த முகத்தை எழுதுவாள். அண்ணன் நிக்கேஸ் அதைச் சுற்றி வைரம் பதித்து ஒரு சிறு பெட்டியில் பொருத்துவார். விடைபெற்றுப் போகும் வெளிநாட்டுத் தூதர்களுக்கு அரசர் தன் கையால் தரும் பரிசு அதுதான். இந்த வேலைக்காக லூவ்ர் அரண்மனையின் கீழ்த்தளத்தில் அண்ணன் தங்கைக்கு இரண்டு அறையும் ஓர் உலையும் விட்டிருந்தார்கள். வேலை போனால் அறையும் போய்விடும். பொற்கொல்லர் சங்கத்தில் சேராத பெண்ணுக்குப் பாரிஸில் வேறெங்கும் உலை மூட்ட உரிமை கிடையாது.

கருவூல அதிகாரி துவிலே அந்தச் சனிக்கிழமை மூக்கைப் பொத்திக்கொண்டே உள்ளே வந்தார். வண்ணம் குழைக்கும் லாவெண்டர் எண்ணெயின் வாடை அவருக்கு ஆகாது.

“டென்மார்க் தூதர் அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்புறாரும்மா. பொட்டி தயாரா இருக்கணும். ஆனா படத்துல மகாராஜா தலையில இருக்கிற பொய்முடி ரொம்பப் பழசு. இப்பல்லாம் உச்சியில ரெண்டு கொம்பு மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குது. மகாராஜா இருக்கிற வெர்சாய் அரண்மனைக்குப் போய் ஒரு தடவை பாத்துட்டு வந்து மாத்திடுங்க.”

“முகம்?”

“முகத்துக்கு என்ன? நல்லாத்தானே இருக்கு! அதைத் தொடாதீங்க.”

மறுநாள் இருவரும் வெர்சாய்க்குப் போனார்கள். இடுப்பில் வாள் இல்லாத ஆணை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் நிக்கேஸ் வாசலில் ஒரு வாளை வாடகைக்கு எடுத்துக் கட்டிக்கொண்டார்.

“இதை வச்சு வெண்ணெயக்கூட வெட்ட முடியாது. நடந்தா முட்டியில இடிக்குது,” என்று வழியெல்லாம் முணுமுணுத்தார்.

“பேசாம வாங்கண்ணே, சிரிக்கிறாங்க.”

அரசர் காலைப் பூசைக்குப் போகும் நேரம். கண்ணாடிக் கூடத்தின் இரு பக்கமும் ஜனம் நெருக்கியடித்து நின்றது. திடீரென்று சத்தம் அடங்கியது. பெரெத் பொய்முடியைப் பார்க்கத்தான் தலையை நிமிர்த்தினாள். கண் அரசரின் முகத்தில் விழுந்துவிட்டது.

இடப்பக்கம் மேல்வரிசைப் பல்லே இல்லை. கன்னம் உள்ளே ஒட்டிப்போய், வாய் ஒரு பக்கமாய் இழுத்திருந்தது. ஒரு பாதத்தில் வாதநோய். அதை ஊன்றும்போதெல்லாம் கண்ணோரம் லேசாகச் சுருங்கியது. முதுகு மட்டும் இம்மியும் வளையவில்லை. தண்ணீர்க் குடத்தோடு ஒதுங்கி நின்ற வேலைக்காரியைக் கண்டு மரியாதைக்குத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

பெரெத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வலியையும் வைத்துக்கொண்டு இந்த மனிதர் தினமும் இத்தனை கண்களுக்கு முன்னால் நடக்கிறாரே! நாற்பத்தொரு தடவை அவள் வரைந்தது ஓர் அழகான பையனை. இவர் எவ்வளவு பெரியவர் என்று அந்தப் படங்களைப் பார்த்த யாருக்கும் தெரிந்திருக்காது. அவளுக்கே தெரியாது.

“பொய்முடிய நல்லா பாத்துக்கிட்டியா?” என்றார் அண்ணன், அரசர் கடந்து போனதும்.

“பொய்முடியா?” என்று விழித்தாள். அடுத்துப் போன பிரபு ஒருவரின் தலையைப் பார்த்துத்தான் கொம்பை மனதில் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மாதிரியை எடுத்து முன்னால் வைத்தாள். கை அதைப் பின்பற்ற மறுத்தது. ஒட்டிய கன்னம் வந்தது, இழுத்த வாய் வந்தது. எனாமலில் ஒரு சுற்று சுட்டுவிட்டால் அழிக்க முடியாது. நிக்கேஸ் எட்டிப் பார்த்தபோது மூன்று சுற்று முடிந்திருந்தது.

“அடிப்பாவி! ரெண்டு பேரையும் தெருவுல நிறுத்தப் போற. பொய்முடி மட்டும்னுதானே சொன்னாரு?”

“அதையும் மாத்திட்டேண்ணே.”

“விளையாடாத! புதுத் தகடு போட நாளு இல்ல பெரெத்.”

அது அவளுக்கும் தெரியும். ஆனாலும் கடைசிச் சுற்றுக்குத் தகட்டை உலைக்குள் தள்ளினாள். உள்ளே எல்லாம் ஒரே சிவப்பாகி முகம் காணாமல் போயிற்று. வெளியே எடுத்து ஆறவிட்டதும் நெற்றி வந்தது, கண் வந்தது, பிறகு அந்த வாய். திட்ட வாயைத் திறந்த நிக்கேஸ் தொப்பியைக் கழற்றினார். பிறகு வைரம் பதிக்க உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலை துவிலே பெட்டியைத் திறந்து, வைரங்களை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

“கொம்பு பிரமாதமா வந்திருக்கு,” என்று சொல்லி மூடி எடுத்துக்கொண்டு போனார். பெரெத் முகத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் வண்டி ஏறிவிட்டார்.

மத்தியானம் திரும்பி வந்தபோது அவர் முகத்தில் ஈயாடவில்லை. பெட்டியை மேசைமேல் திறந்து வைத்தார். வைர வளையம் அப்படியே மின்னியது. நடுவில் ஓட்டை.

“தூதருக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி மகாராஜா ஒரு தடவை பாப்பாரு. அதுதான் வழக்கம். பாத்தாரு. பாத்துக்கிட்டே இருந்தாரு. அப்புறம் கண்ணாடி கொண்டாரச் சொன்னாரு.”

“ஐயோ! கண்ணாடியா?”

“ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தாரும்மா. நான் செத்தேன்னு நினைச்சேன். பேனாக்கத்திய எடுத்து அவரே தகட்ட நெம்பி எடுத்தாரு.”

பெரெத் உலையைத் திரும்பிப் பார்த்தாள். “எப்ப அறையக் காலி பண்ணணும்?”

“காலியா? யாரு சொன்னா? தூதர் பயணத்தத் தள்ளி வச்சிருக்கு. இதுல பழைய முகமா ஒண்ணு செஞ்சு வைக்கணுமாம்.”

“அப்போ அந்தத் தகடு? ஒடைச்சுட்டாரா?”

“சட்டைக்குள்ள போட்டுக்கிட்டு,” துவிலே குரலைத் தாழ்த்தினார், “பூசைக்குப் போயிட்டாரு.”