மாமாவின் பிறந்த மாதம்

எங்கள் பஸ் டிப்போவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரின் பிறந்த தேதியையும் நான் கையால் மாற்ற வேண்டும் என்று மேனேஜர் சொன்னார், வாயில் பிஸ்கட்டோடு. புது சாஃப்ட்வேர்தானே வருகிறது, அதுவே மாற்றிக்கொள்ளாதா என்று கேட்டேன். சாஃப்ட்வேர்காரருக்கு போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார்.

"பழசுல தேதியெல்லாம் வெறும் எழுத்தா கிடக்கு மேடம். புதுசு அதை ஏத்துக்காது. ஒவ்வொண்ணா பார்த்து நீங்கதான் அடிக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள."

"அப்போ புதுசு எதுக்கு?"

"வேகமா இருக்கும் மேடம்."

எனக்கு முன்னால் இந்த நாற்காலியில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒரு புண்ணியவான் தேதியை முதலில் அடித்திருக்கிறார். அடுத்து வந்த மகராசி மாதத்தை முதலில் அடித்திருக்கிறார். யார் எதை அடித்தார்கள் என்று பார்க்க பழைய ஃபைலும் இல்லை, கூரை ஒழுகிக் கூழாகிவிட்டது. 25/03 என்றால் பிழைத்தோம், இருபத்தைந்தாவது மாதம் என்று ஒன்று கிடையாது. 06/11 என்றால்? நவம்பர் ஆறா, ஜூன் பதினொன்றா? இப்படி அறுபத்தொரு பேர். பிறப்புச் சான்றிதழோடு வாருங்கள் என்று நோட்டீஸ் ஒட்டினேன்.

மெக்கானிக் அண்ணனுக்கு 31/06 என்று இருந்தது.

"ஜூனுக்கு முப்பது நாள்தாண்ணே."

"இருபது வருஷமா இந்த ஆபீஸ் ஒத்துக்கிச்சும்மா. இப்ப உன் கம்ப்யூட்டர் யாரு கேக்க?"

காலண்டரைக் காட்டினேன். அந்த ஒரு நாளை நானே கிழித்து ஒளித்து வைத்த மாதிரி முறைத்தார். கடைசியில் சான்றிதழில் மே முப்பத்தொன்று என்று இருந்தது.

இதெல்லாம் போகட்டும். அந்த 06/11 யார் தெரியுமா? ஏழாம் நம்பர் பஸ் டிரைவர். என் மாமனார்.

இந்த வருஷம் அவருக்கு அறுபது. ஜூன் என்றால் இந்த மாதக் கடைசியோடு ஓய்வு, பதினொரு நாள்தான் பாக்கி. நவம்பர் என்றால் இன்னும் ஐந்து மாதம் பஸ். பிறந்தநாள் என்று அவர் எதையும் கொண்டாடியதில்லை, அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாது. சான்றிதழ் எங்கே மாமா என்றால், "தேடுறேம்மா" என்றார்.

சமையலறையில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நவம்பர்னு போட்டுடுடி. உனக்குப் புண்ணியமா போகும்."

"அத்தை, அது பொய்யில்ல?"

"கால் சுளுக்குன்னு பத்து நாள் வீட்டுல இருந்தாரே, மறந்துட்டியா? பாத்ரூம் கதவுல டைம்டேபிள் ஒட்டினாரே! எனக்கு ஆறு பத்துல இருந்து ஆறு பதினெட்டு! என் தங்கச்சிகிட்ட போன்ல பேசினா எதிர்ல நின்னு வாட்சைப் பார்க்கிறாரு. இந்த மனுஷன் நாள் பூரா வீட்டுல இருந்தா நான் எங்கடி போவேன்? அஞ்சு மாசம் மூச்சு விட்டுக்கறேன்."

எனக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? எனக்குக் கொடுத்தது ஐந்து நிமிஷம். "எனக்கும் நவம்பரா இருந்தா நல்லாத்தான் இருக்கும் அத்தை" என்றேன். இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மாமா யூனிஃபாரத்தோடு கவுண்டர் வரிசையில் வந்து நின்றார். ஆபீஸில் என்னை மேடம் என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்குக் கூப்பிடவில்லை.

"நவம்பர்னு போட்டுக்கோம்மா."

"சர்ட்டிஃபிகேட்?"

"கிடைக்கல."

சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் எட்டிப் பார்த்தது. அது என்ன என்று கேட்டேன். மாமாவுக்குப் பொய் சொல்ல வராது. தயங்கித் தயங்கி எடுத்துக் கொடுத்தார். ஜூன் பதினொன்று.

"கையிலயே வெச்சுக்கிட்டு ஏன் மாமா?"

பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குனிந்தார். "அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் பேசினது காதுல விழுந்துச்சும்மா. தப்பா எடுத்துக்கல. முட்டி வலிதான், கிளட்ச்ச மிதிக்க முடியல. இருந்தாலும் அஞ்சு மாசம்தானே, ஓட்டிடறேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. அவர் கண் முன்னாலேயே ஜூன் பதினொன்று என்று அடித்தேன். புது சாஃப்ட்வேர் ஒரே நொடியில் ஓய்வு உத்தரவைத் தயார் செய்து பிரிண்டருக்கு அனுப்பியது. வேகம்தான், பாவி.

மாமாவோடு வீட்டுக்கு வந்து நான் சமையலறைக்குள் நுழைந்ததும் அத்தை ஓடி வந்தார். "நவம்பர்தானே?"

"ஜூன், அத்தை. நாம பேசினதை மாமா கேட்டிருக்காரு. முட்டி வலியோட அஞ்சு மாசம் ஓட்டுறேன்னு வந்து நின்னாரு."

அத்தையின் முகம் விழுந்துவிட்டது.  பிறகு கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு விறுவிறுவென்று முன்னறைக்குப் போனார். மாமா நாற்காலியில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஒட்டுக் கேக்கிற வயசா இது?"

மாமா கழற்றிய ஷூவை ஓரமாக வைத்தார்.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து நான் ஆயிரம் சொல்லியிருக்கேன். ஒண்ணையாவது காதுல வாங்கியிருக்கீங்களா? இதை மட்டும் நம்பிட்டு பஸ் ஓட்டப் போயிடுவீங்களா?" அத்தைக்குக் குரல் உடைந்தது. தரையில் உட்கார்ந்து அவருடைய இன்னொரு ஷூவின் முடிச்சைத் தானே அவிழ்க்க ஆரம்பித்தார். "எந்தக் கால் வலிக்குது? அதையாவது என்கிட்ட சொல்லுங்க."