பெரம்பலூருக்குப் போன பெயர்

பெரம்பலூரில் கணினிக் கடை வைத்திருக்கும் கலைச்செல்வன், 'அனிதா மேரி முந்திரி' என்ற இணைய முகவரியைத் தன் பேருக்குப் பதிந்துகொண்ட காலையில், ஆண்டிமடத்தில் அந்தப் பெயர் இருந்த இடமெல்லாம் வெறுமையானது. முந்திரி உடைக்கும் கூடத்துப் பலகையிலிருந்து எழுத்துகள் முதலில் இறங்கின. பிறகு அடுக்கி வைத்திருந்த பாக்கெட்டுகளிலிருந்து, கடைசியாகக் கல்லறைச் சிலுவையிலிருந்து. எறும்புச் சாரைபோல் ரோட்டோரமாகவே ஜெயங்கொண்டம், அரியலூர் வழியாக மேற்கே போயின. அந்த வருடம் மழை குறைவு, முந்திரிக் கொட்டை வரத்து சுமார்.

அனிதா மேரி இறந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. கூடத்தை எழுப்பியதும், சென்னைக்கும் பெங்களூருக்கும் பருப்பு அனுப்ப இணையக் கடை திறந்ததும் அந்த அம்மாள்தான். முகவரியையும் தன் பேரிலேயே பதிந்திருந்தார். புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்புகள் அவர் போனுக்குத்தான் வந்தன. அந்தக் குடும்பத்தில் வருசப் பூசை முடியும்வரை இறந்தவர் பொருளை யாரும் தொடுவதில்லை. சீப்பு, செருப்பு, போன் எல்லாம் பூட்டிய பீரோவுக்குள் இருந்தன. சார்ஜ் போடாத அந்தப் போன் உள்ளேயிருந்து அவ்வப்போது சிணுங்கியது. சிணுங்கும்போதெல்லாம் கணவர் மரிய செல்வம் சிலுவை போட்டுக்கொண்டார், திறக்கவில்லை. கெடு தாண்டி முகவரி காலியானது. காலியாகும் பெயர்களைப் பிடித்துவைத்து, உரியவர்களிடமே விற்பது கலைச்செல்வனின் தொழில்.

எழுத்தோடு நிற்கவில்லை, வாயிலிருந்தும் பெயர் போயிற்று. கூடத்துப் பெண்கள் அதைச் சொல்ல வாய் திறந்தால் சுட்ட முந்திரிக் கொட்டைத் தோட்டின் வாசனை மட்டும் வந்தது. கல்லறைத் திருநாளுக்குச் சுண்ணாம்பு அடித்து, மாலை போட்டு, மரிய செல்வம் பெயிண்டரைக் கூட்டிப்போனார். தூரிகை வைத்த பெயிண்ட் சிலுவையில் ஒட்டாமல் மண்ணில் இறங்கியது. பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து, யாருக்காக மன்றாடுவது என்று கேட்டார். மரிய செல்வத்தால் சொல்ல முடியவில்லை. சாமியார் அடுத்த கல்லறைக்கு நகர்ந்தார். அன்றைக்கு மரிய செல்வம் முடிவு செய்தார். வியாபாரம் போனாலும் போகட்டும், அடுத்த திருநாளுக்குள் பெயர் கல்லறைக்கு வந்தாக வேண்டும்.

எழுத்துகள் போன வழியே பெரம்பலூர் போனார். கடையைத் தேடச் சிரமமில்லை. தெருமுனையிலேயே முந்திரி மணத்தது. உள்ளே கூரையில் பெயர்கள் வௌவால்போல் தொங்கின. எறையூர் வெல்லக் கடை, தா.பழூர் அரிசி ஆலை, இன்னும் பல. கலைச்செல்வன் அவற்றின் கீழே குனிந்து நடக்கப் பழகியிருந்தான். வந்தவருக்கு நாற்காலி போட்டான், டீ வரவழைத்தான்.

"நான் ஒண்ணும் திருடலைங்க. காலியா கெடந்துச்சு, எடுத்தேன்."

"காலியா இல்ல தம்பி. அவ செத்துப் போயிருந்தா."

கலைச்செல்வன் இன்னொரு டீ சொன்னான். ஆனாலும் கேட்ட விலையைக் குறைக்கவில்லை.

மரிய செல்வம் திரும்பும் வழியில் அரியலூரில் இறங்கி வக்கீல் வெற்றிச்செல்வியைப் பார்த்தார். முதலில் வந்தவருக்கே முகவரி என்பது பாதி விதிதான் என்றார் வக்கீல். பெயர் நம்முடையது, பதிந்தவருக்கு அதில் உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு பிடித்து வைத்திருக்கிறார் என்ற மூன்றையும் காட்டினால் முகவரித் தகராறு பார்க்கும் நடுவர் திருப்பிக் கொடுக்கச் சொல்வார். வணிகக் குறியாக, அதாவது டிரேட்மார்க்காக, பதியாவிட்டாலும், பல வருடம் நேர்மையாகப் புழங்கிய பெயருக்கு மதிப்புண்டு. விலை பேசியது கலைச்செல்வனுக்கு எதிராகவே நிற்கும். ஆனால் பெயர் புழங்கியதற்கு அத்தாட்சி வேண்டும்.

அத்தாட்சியெல்லாம் வெள்ளையாகிவிட்டது என்று மரிய செல்வம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கூடத்திலிருந்து வேம்பு போன் செய்தாள். கொட்டை உடைக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. "அண்ணே, குடோனத் தொறந்தா பழைய சாக்கெல்லாம் மேக்கால பறக்குது. சாக்குக்குப் பெரம்பலூர்ல என்னாங்க வேல?"

அனிதா மேரி பெயிண்டை நம்பியதில்லை. சாக்குகளில் முந்திரித் தோட்டு எண்ணெயைத் தொட்டுத்தான் தன் பெயரையும் அறுவடை வருடத்தையும் எழுதுவார். தோலைக் கொப்புளிக்க வைக்கும் எண்ணெய், சணலுக்குள் இறங்கினால் வெளியே வராது. அந்த எழுத்துகளும் கிளம்பத்தான் பார்த்தன. பிரிய முடியாமல் சாக்கோடு எழும்பின. பெண்கள் அவற்றை முந்திரி மரத்தில் கட்டிப்போட்டார்கள். வெற்றிச்செல்வி நேரில் வந்து, மேற்கே பார்த்து இழுத்துக்கொண்டு நின்ற சாக்குகளை வருட வாரியாகப் படம் எடுத்தார். நடுவர் படங்களைப் பார்த்தார், சாக்குகள் ஏன் பறக்கின்றன என்று கேட்கவில்லை. முகவரியை ஒப்படைக்க உத்தரவானது.

ஐப்பசி பிறந்ததும் எழுத்துகள் பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் வந்தன. கூட்டமில்லாத பஸ், கண்டக்டர் அவற்றை ஜன்னலோரம் உட்காரவிட்டார். கல்லறைத் திருநாளன்று சாமியார் கேட்டபோது மரிய செல்வம் பெயரைச் சொன்னார். வேம்பும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

இனி உங்கள் பேரில் பதியுங்கள் என்றார் வக்கீல். வணிகக் குறிக்கு மட்டும் மரிய செல்வம் தன் பெயரைக் கொடுத்தார். முகவரியில் மறுபடி மனைவி பெயரையே போட்டார். அடுத்த வருடம் பீரோவுக்குள் போன் சிணுங்கியது. இம்முறை அவர் திறந்தார். அறிவிப்பு ஏற்கெனவே படிக்கப்பட்டு, முகவரி புதுப்பிக்கப்பட்டிருந்தது. அவர் போனைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்து, பீரோவைச் சாத்தினார். அதிலிருந்து அந்த வேலையை அனிதா மேரிதான் பார்த்துக்கொள்கிறார்.