பெருமாள் சாய்ந்த பக்கம்

வலி மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் உப்பிலி பல்லக்குக்குத் தோள் கொடுக்க வந்தான். முன்தண்டில் இடது பக்கம் அவனுடையது. நெம்மேலியில் பைக் மணலில் சறுக்கிக் கணுக்கால் நொறுங்கியபோது, செங்கல்பட்டில் பிளேட் வைத்துத் தைத்தார்கள். அதற்குப் பிறகும் அந்த இடத்தை அவன் யாருக்கும் விடவில்லை.

ஆபரேஷனில் பழுதில்லை. போன மாதம் எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர் சொன்னார்: "எலும்பு சூப்பரா சேர்ந்திருக்கு. மூட்டுதான் தேஞ்சிட்டே போவுது. இவ்ளோ மோசமா உடைஞ்சா வருஷம் போகப் போக நிறைய பேருக்கு இப்படி ஆகும். இனிமே பாரம் தூக்காதீங்க."

மனைவி ரங்கநாயகியிடம் 'எலும்பு சூப்பர்' வரைக்கும்தான் சொன்னான்.

கணுக்கால் மடங்கவில்லை. இடது காலை ஊன்றும்போதெல்லாம் அவன் உடம்பு இறங்கியது; கூடவே பல்லக்கும், பெருமாளும். மற்றவர்கள் ஒன்றும் கேட்காமல் அவன் நொண்டலுக்கே கால் மாற்றிக்கொண்டார்கள். ஊர் அதைப் புது நடை என்று எண்ணிவிட்டது. அன்னம் அசைகிற மாதிரி இருக்கிறதாம். கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். வீடியோ எடுத்தார்கள். உப்பிலி தலையைக் குனிந்துகொண்டு தூக்கினான். பக்தி என்றார்கள் அதையும்.

இன்று, பல்லக்குக்காரர்களுக்கு மூத்தவரான சின்னையன் ஓடிவந்தார்.

"உப்பிலி, கருங்குழிப் பல்லக்குக்காரங்க வந்துகீறாங்க. நம்ம நடைய கத்துக்கணுமாம். நீதான் வாத்தியாரு."

பின்தண்டில் நின்ற கேசவன் சிரித்தான். "பீஸ் கேளு மச்சான்."

கருங்குழி ஆள் ஒருவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உப்பிலியின் இடத்தில் நின்றான். நல்ல கால். கணுக்காலில் ஒரு தழும்புகூட இல்லை.

"இடது காலை எப்படி வெக்கணும், அண்ணாத்த?"

அது நடை இல்லப்பா, என் கால் வெளங்கல. வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அடுத்த புறப்பாட்டுக்கு அந்தத் தண்டு வேறு ஒருவனுக்கு.

பல்லக்கு கிளம்பியது. அந்த ஆள் நொண்டினான். தன் நொண்டலை உப்பிலி வெளியே நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. அசிங்கமாக இருந்தது.

"சரியா வருதா?" என்றார் சின்னையன்.

"இன்னும் கொஞ்சம் சாயணும்" என்றான் உப்பிலி.

பெருமாள் சாய்ந்தார். தெருவே கைகூப்பியது. ரங்கநாயகி மட்டும் பல்லக்கைப் பார்க்கவில்லை. உப்பிலியின் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.