குடியிருப்பவர்: ஒருவர்

அக்கா ஹில்லெவி மரம் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திச் சாவியை உருவிக்கொண்டபோது ஜனவரி மாதம், காலை மணி பதினொன்று, குளிர் மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. அந்தக் குளிரில் இன்ஜினை அணைத்துப் போட்டால் அப்புறம் லேசில் கிளம்பாது என்பது எங்கள் ஹார்யெடாலன் மலைக்காட்டுப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். அவள் அணைத்தாள். பிறகு எனக்குப் போன் செய்து, "வாடா, உன் நகைச்சுவைய வந்து பாரு" என்றாள்.

என் நகைச்சுவை அக்டோபரில் நடந்தது. கல்லூரிச் செலவுக்காக ஒப்பந்தக்காரர் ரங்வால்டிடம் நாடா கட்டிக்கொண்டிருந்தேன். எதுவரை வெட்டலாம், எதை விட வேண்டும் என்று மரத்துக்கு மரம் ஆரஞ்சு நாடா கட்டிக்கொண்டே போக வேண்டும். இயந்திரம் ஓட்டுபவர் கண்ணை நம்புவதில்லை, நாடாவைத்தான் நம்புவார். அப்போது எறும்புகள் எப்போதோ விட்டுப்போன ஒரு புற்றைப் பார்த்தேன். இடுப்பளவு உயரம். பக்கவாட்டில் புதிதாகத் தோண்டிய வாய், சுற்றிலும் கடித்து முறித்த ஊசியிலைக் கிளைகள், பாறையிலிருந்து வழித்தெடுத்த பாசி. ஒரு கரடி குளிர்காலத்துக்குப் படுக்கை விரித்துக்கொண்டிருந்தது.

ரங்வால்டின் அலுவலகப் படிவத்தில் 'சிறப்புக் குறிப்பு' என்று ஒரு கட்டம் உண்டு. ஒழுங்கான மனிதன் 'கரடி தங்கும் புற்று, வெட்டாதீர்' என்று எழுதியிருப்பான். நான் எழுதியது: 'குடியிருப்பவர்: ஒருவர். பெண்ணாக இருக்கலாம். ஏப்ரல்வரை எழுப்ப வேண்டாம். வாடகை தருவதில்லை.' கல்லூரிச் சுவரிதழாக இருந்தால் பத்துப் பேராவது சிரித்திருப்பார்கள். அலுவலகத்தில் அதை அழித்து 'குறிப்பு ஏதுமில்லை' என்று தட்டச்சு செய்து அக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்ன பிறகுதான் புற்றைச் சுற்றி நாடா கட்ட வேண்டும். அவர்கள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது தாய்க்கரடி ஓடிப்போயிருந்தது. பனியை உழுதது போல அதன் தடம் வடக்கே போயிற்று. புற்றின் வாய்க்கு எதிரே, பத்தடி தள்ளி இயந்திரம் நின்றது; தடம் அதை ஒட்டியே போயிருந்தது. புற்றுக்குள்ளிருந்து ஒரு ரீங்காரம், பெட்டியில் போட்டு மூடிய பூனைக்குட்டிகள் போல.

"மூணு" என்றாள் அக்கா. "ஒண்ணொண்ணும் அணில் அளவு. இன்னும் கண்ணே திறக்கல. படிவத்துல திருத்திக்கோ."

ரங்வால்ட் எனக்கு முன்பே வந்திருந்தார். மரம் ஏற்ற லாரி கிளம்பிவிட்டது, கரடி நம் ஒப்பந்தத்தில் இல்லை, சாவியைக் கொடு, எதிர் மூலையிலாவது வெட்டலாம் என்று பொறுமையாகவே சொன்னார். அந்தப் பொறுமைக்காகவே அவரை அடிக்கலாம் போலிருந்தது. உங்கள் அலுவலகத்தில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் ஒருவராவது இருந்திருந்தால் என்று நான் ஆரம்பித்தேன். நன்றாகத்தான் ஆரம்பித்தேன். அக்கா திரும்பினாள்.

"நீ வாய மூடு. அவங்களுக்குப் படிக்கத் தெரியல, உனக்கு எழுதத் தெரியல. நடுவுல ஓட்டினது நான்டா."

என்னிடம் பதில் இருந்தது. ஒன்றுக்கு இரண்டாகவே இருந்தது. இரண்டுமே வேடிக்கையானவை.

எதையும் தொடாதீர்கள், தூரமாகப் போய்விடுங்கள், தாய் தானாகத் திரும்பி வந்தால் உண்டு என்று மாவட்ட அதிகாரி போனில் சொல்லியிருந்தாராம். இந்தக் குளிரில் குட்டிகள் எவ்வளவு நேரம் தாங்கும் என்று அக்கா கேட்டதற்கும் தூரமாகப் போய்விடுங்கள் என்றே மறுபடி சொன்னாராம். நானூறு மீட்டர் தள்ளிக் காட்டுச்சாலையில், ரங்வால்டின் காரில் மூவரும் உட்கார்ந்தோம். அவர் பழக்க தோஷத்தில் பிளாஸ்க்கைத் திறந்து ஆளுக்கொரு கோப்பை காபி ஊற்றினார். ஒருவரை ஒருவர் பார்க்காமல் குடித்தோம். அக்கா காலையிலிருந்து வெட்டிச் சாய்த்திருந்ததால் புற்றுவரை மறைப்பே இல்லை.

ஒன்றரை மணிக்கு அது வந்தது. போன தடத்திலேயே, ஒவ்வொரு அடியாக. புற்றுக்கு முப்பது அடி இருக்கும்போது நின்று மூக்கைத் தூக்கியது. அதற்கும் குட்டிகளுக்கும் நடுவில் எங்கள் இயந்திரம், டீசல் வாடையோடு.

"சாவியக் குடுன்னு இப்பக் கேக்க மாட்டேங்கிறீங்க" என்றாள் அக்கா.

ரங்வால்ட் பிளாஸ்க்கை மூடினார். இயந்திரத்தைக் கிளப்பினால் கரடி ஓடிவிடும். அங்கேயே விட்டுவைத்தால் அதைத் தாண்டி வராது. பைக்குள் அவள் கை சாவியை இறுக்கியிருந்தது துணிக்கு மேலேயே தெரிந்தது.

ரங்வால்டின் தொலைநோக்கியை வாங்கிப் பார்த்தேன். புற்றின் வாயில் குட்டிகளின் மூச்சு நூல் மாதிரி ஆவியாக எழுந்து, நின்று, மறுபடி எழுந்தது. கரடி முன்னங்காலைத் தூக்கியது. வெகுநேரம் அப்படியே வைத்திருந்து, எடுத்த தடத்திலேயே திரும்ப வைத்தது.