அத்திவாரம் இல்லாத வீடு

லூயிஷாமில் எங்கள் தெருமுனையில் இருக்கும் சமூக மண்டபத்தை நடத்துகிறவர் மார்சியா. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பிறகு நான் அங்கேதான் போய் உட்காருவேன். ஏன் படிக்கவில்லை, ஏன் வாய் திறப்பதில்லை என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. தேநீர் மட்டும் வைப்பார்.

இந்தக் கோடையில் பார்படோஸிலிருந்து அவருடைய பூட்டனாரின் மரவீடு பலகை பலகையாகக் கப்பலில் வந்தது. கண்காட்சிக்காக அது சில மாதங்கள் மண்டபத்து முற்றத்தில் நிற்கும். பிறகு கழற்றி பர்மிங்காமில் இருக்கும் அவருடைய தம்பியிடம் அனுப்ப வேண்டும். சமையலறை பொருத்தும் வேலை செய்கிற என் அப்பா யோகராஜாவும் கூடநின்று பலகைகளைப் பொருத்தி அதை நிறுத்தினார். காற்றுக்கு ஈடுகொடுக்கும் செங்குத்தான கூரை, நடுவில் கதவு, இரண்டு பக்கமும் மரச்சட்டம் வைத்த ஜன்னல்கள். எல்லாம் அப்பாவுக்குப் பிடித்திருந்தது. ஆனால் வீடு வெறுமனே அடுக்கிய கற்களின்மேல் நின்றது. அதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை என்னையும் கூட்டிக்கொண்டு போய், தள்ளுவண்டி நிறையக் கொங்கிரீட் குழைத்தார்.

"மார்சியா வரமுன்னம் ஊத்திப்போட வேணும். உன்னை இவ்வளவு நாளும் பாத்த மனிசி. ஒரு அத்திவாரமாவது போட்டுக் குடுப்பம்."

கண்காட்சிப் பலகைகளை ஒட்டியது நான்தான். அவற்றில் எழுதியிருந்ததெல்லாம் எனக்குத் தெரியும். நான் கற்களுக்கு முன்னால் போய் நின்றேன்.

"தள்ளு பிள்ளை, சப்பாத்து பழுதாப் போகும்."

"ஊத்தாதேங்கோ அப்பா!"

அவர் திடுக்கிட்டு வண்டியை நிமிர்த்தினார். நான் கத்தி அவர் கேட்டதில்லை.

"பார்படோஸில அடிமைகளை விடுதலை செய்த பிறகும் நிலம் தோட்ட முதலாளியின்ரதான். போ எண்டா போகோணும். அதுக்குத்தான் கல்லைச் சும்மா அடுக்கினவை. வீட்டைக் கழட்டி வண்டில்ல ஏத்திக்கொண்டு போவினமாம். ஊத்தினா இது இனி அசையாது."

அப்பா கற்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப இவை வீட்டையும் கொண்டு போனவை."

"ஓம்."

"நாங்கள் ஊர்வீட்டைப் பூட்டிப்போட்டு, திறப்பை மட்டும் கொண்டு வந்தனாங்கள்."

அப்போது மார்சியா வந்துவிட்டார். தள்ளுவண்டியை எட்டிப் பார்த்தார்.

"யோகா, இதென்ன, காலைச் சாப்பாட்டுக் கஞ்சியா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன். நடுவில் இரண்டு தடவை நின்றேன். ஆனாலும் முடித்தேன். மார்சியா கதவில் சாய்ந்து, கண்ணீர் வரும்வரை சிரித்தார். பிறகு வாசலில் பிடிப்பில்லாமல் ஆடிக்கொண்டிருந்த, சைக்கிள் பூட்டும் கம்பியைக் காட்டினார்.

"அதற்கு ஊற்று. அது எங்கேயும் போகவேண்டியதில்லை."

அப்பா சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளிப் போனார்.

மார்சியா தேநீர் கொண்டுவந்து வைத்தார். "நீ பேசிவிட்டாயே" என்று கைதட்டுவாரோ என்று பயந்திருந்தேன். அவர் தன் கோப்பையில் சீனியைப் போட்டார்.

"தாங்ஸ்" என்றேன், சத்தமாக.

அதையும் நாள்தோறும் கேட்கிற குரல்போல எடுத்துக்கொண்டு, அவர் சீனியைக் கலக்கினார்.