கீழே இறங்கிய அலுவலகம்

ஆஸ்வின் ஐந்தரைக்கு எழுந்து பால் காய்ச்சுவான். இட்லி ஊற்றுவான். சாப்பிட்டுப் பாத்திரம் கழுவிவிட்டு, சாந்தோமிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்பி, எட்டரைக்கு அடையாறில் ஓர் அரசு அலுவலகத்தின் முன்னால் நின்று, கட்டடம் பூமிக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பான். அவன் மனைவி கரோல் இறந்து மூன்று மாதம். அதன்பின் அது இறங்கவில்லை.

கரோல் அங்கே உதவியாளராகச் சேர்ந்தபோது வாசலில் ஏழு படி. அவளுக்குச் சக்கர நாற்காலி. ஆஸ்வின் தினமும் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறுவான். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். காதலென்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவளுக்கு அது கூச்சம். பழைய கட்டடங்களைச் சரிசெய்ய மாற்றுத்திறனாளிகள் சட்டம் கொடுத்த ஐந்து வருடக் கெடு முடிந்த மறுநாளே வாசலில் ரேம்ப், அதாவது சாய்வுப் பாதை, கேட்டு முதல் மனுவை அனுப்பினாள். ஒப்புகைச் சீட்டு வந்த அன்று கட்டடம் ஒரு படி கீழே போனது. சுவரில் கீறல் இல்லை. அளக்க வந்த பொறியாளர், மேலே மேலே தார் போட்டதில் சாலைதான் உயர்ந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சென்னையில் அது யாருக்கும் புதிதாகப் படவில்லை. இரண்டாவது மனுவுக்கு இன்னொரு படி. நினைவூட்டல் கடிதங்களுக்கு அசையவில்லை. முறையான மனுவுக்கு மட்டுமே இறங்கியது. மூன்று வருடத்தில் ஆறு படி போயிற்று. ஜன்னலில் ஆடுகள் தலை நீட்டத் தொடங்கியதும் கம்பி வலை அடித்தார்கள். மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் வாசல்வரை வந்து, கொஞ்சம் நின்று, சுற்றிக்கொண்டு போனது.

ஏழாவது மனுவுக்குப் படி இறங்கவில்லை. மாற்றுத்திறனாளிகள் ஆணையர் முன் விசாரணைத் தேதி வந்தது. அதற்குள் கரோல் காய்ச்சலில் போய்விட்டாள். அவள் இடத்துக்கு வந்த ஜுவேரியாவுக்கும் சக்கர நாற்காலி.

விசாரணையில், மனுதாரர் உயிரோடு இல்லாததால் மனுவை முடித்துவிடலாம் என்றார் அலுவலகத் தரப்பு வக்கீல். "இப்ப யாருக்கு சார் அந்த வழி?"

ஆஸ்வின் பதில் எழுதி வைத்திருந்தான். அந்தத் தாளைப் பையில் தேடிக்கொண்டிருந்தான். பின்வரிசையிலிருந்து ஜுவேரியா சொன்னாள்: "எனக்குத்தான். அந்த ஒத்தப் படிக்கு தெனம் ரெண்டு பேரு என்னை மூட்டையாட்டம் தூக்குறாங்க. உங்களையும் ஒரு நாள் தூக்கச் சொல்லட்டுமா, சார்?"

முப்பது நாளில் சமதள வாசல், தவறினால் அபராதம் என்று உத்தரவானது. கையெழுத்து விழுந்தபோது மணி மூன்று பத்து. அந்த நேரம் அலுவலகக் காவலாளி வடிவேலு கடைசிப் படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"உக்காந்துகினே கீய வந்துட்டேன் சார்," என்றார் மறுநாள். "டீ கூட சிந்தல."

ஜுவேரியா தெருவிலிருந்து நேராக உள்ளே போனாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆஸ்வினுக்கு அதுவே பிடித்திருந்தது.

"மேடம் கடசியா ஏசப்பா பேரத்தான் சொன்னாங்களாமே? உங்க சர்ச் ஆளுங்க பேசிக்கினாங்க," என்று வடிவேலு கேட்டார்.

பங்கு மக்கள் அப்படித்தான் நம்பினார்கள். ஆஸ்வின் இதுவரை திருத்தியதில்லை. அன்று திருத்தினான். காய்ச்சல் முற்றிய நாள், நண்பனின் காரில் அவளைக் கொண்டுபோய், பதற்றத்தில் ஆஸ்பத்திரி வாசலை முடிந்தவரை ஒட்டி நிறுத்தி, இறக்கி நாற்காலியில் உட்காரவைத்தான். அவள் மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தாள்.

"லூசு, மொதல்ல வண்டிய ரேம்ப்லேர்ந்து எடு."